மறுநாள் மத்தியானம் அளந்து பாருங்கள்

2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்களும் விடுமுறை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மச்சான் வீட்டில் போய் உட்கார்ந்தேன். நாங்கள் இருவருமே சிங்கப்பூர் ஈசூனில்தான், நாலு புளோக் தள்ளி. எழுந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பெரிய போத்தல் பீர் மூன்று, அப்புறம் விஸ்கி நாலு பெக். தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறி, முறுக்கு, மிக்சர். தடுமாற்றம் எதுவும் இல்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்து படுத்தேன்.

காலையில் தலைவலி. அது எதிர்பார்த்ததுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை. கீழே கோப்பிக்கடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு மின்தூக்கியில் ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. பத்து மாடி ஏறி வந்தவனைப் போல மூச்சு வாங்கியது. விரல்கள் லேசாக நடுங்கின. வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க மாப்பிள்ளை, கைய நீட்டுங்க" என்று தன் பிரஷர் மெஷினை எடுத்து வந்தார். 171/103. நாடித்துடிப்பு 108. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தார். 168/101.

எனக்கு அப்போது 46 வயது. இரண்டு வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன். என் அப்பா 57 வயதில் பக்கவாதம் வந்து விழுந்தார். அது ஒரு திங்கட்கிழமை. அதை முந்தின நாள் குடியோடு முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் கிடையாது. சனி ஞாயிறுகளில் அவர் பிரஷர் மாத்திரையைத் தொடமாட்டார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். "மாத்திரையும் தண்ணியும் ஒத்துக்காதுடா" என்பார். அந்தத் தீபாவளிக்கு நானும் அதையே சொல்லிக்கொண்டு மாத்திரையை ஒதுக்கி வைத்திருந்தேன். திங்கள் காலையும் வயிறு சரியில்லை என்று போடவில்லை.

அன்று சாயங்காலமே 24 மணி நேர கிளினிக் ஒன்றுக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். இதயம் வேகமாக ஓடுகிறது, ஆனால் தாளம் தப்பவில்லை என்றார் டாக்டர். அதை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. விடுமுறையில் மொத்தமாகக் குடித்துவிட்டு, இதயம் தாறுமாறாகத் துடிக்க மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 1978இலேயே அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும்போது உள்ளே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பு என்று வந்தவரை வெறும் ஹேங்ஓவர் என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது இதனால்தான்.

அந்த டாக்டர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். கடைசியாக மாத்திரை எப்போது போட்டீர்கள்? எத்தனை மணிக்குக் குடித்து முடித்தீர்கள்? முதல் கேள்வி புரிந்தது. இரண்டாவதை ஏன் கேட்டார் என்பது, ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருந்த என் குடும்ப டாக்டரை அந்த வாரம் பார்த்தபோதுதான் விளங்கியது.

அவரிடம் நான் ஒரு வாதத்தோடு போயிருந்தேன். குடித்தால் எனக்குப் பிரஷர் இறங்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. கண்ணால் பார்த்ததுதான். அந்த வருடம் மார்ச்சில் ஒரு வியாழன் இரவு பிரிவுபசார விருந்தில் நன்றாகக் குடித்தேன். மறுநாள் காலை எட்டரைக்கு ஆபீசில் உடல் பரிசோதனை. 116/74 என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

டாக்டர் மறுக்கவில்லை. "அந்த அளவு சரிதான், நேரம்தான் தப்பு" என்றார். மது உள்ளே போனதும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் முகமும் காதும் சூடாகின்றன. குழாய் விரிந்தால் அழுத்தம் இறங்கும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடும். இந்த இறக்கம் ஏறக்குறைய 12 மணி நேரம் வரை நீடிக்கும். 13 மணி நேரத்துக்குப் பிறகு அழுத்தம் மேலே ஏறத் தொடங்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான கொக்ரேன் தொகுப்பு இதைத்தான் சொல்கிறது: 30 கிராமுக்கு மேல் ஆல்கஹால் குடித்தால் முதல் பாதி நாள் இறக்கம், அப்புறம் ஏற்றம். நாடித்துடிப்பு மட்டும் இந்த நேரம் முழுக்கக் கூடுதலாகவே இருக்கும்.

அந்த ஆய்வுகளில் ஏறியது சராசரியாக மூன்று நான்கு புள்ளிதான். எனக்கு ஏன் 171? அதையும் அவரே பிரித்துச் சொன்னார். 113 கிராம் குடித்திருந்தேன். மாத்திரை இரண்டு வேளை போகவில்லை. முறுக்கும் மிக்சரும் கறியும் சேர்த்து ஒரு நாளைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு உப்பு. சரியான தூக்கம் இல்லை. காலையிலிருந்து கறுப்புக் கோப்பி மூன்று. எல்லாமே ஒரே மத்தியானத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

113 கிராம் என்பதை நானே கணக்குப் போட்டேன், கணக்கு சுலபம். 5 சதவீத பீர், 633 மில்லி பெரிய போத்தல் ஒன்றில் சுமார் 25 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 330 மில்லி டின்னில் 13 கிராம். 30 மில்லி விஸ்கியில் ஒன்பதரை. சிங்கப்பூரில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 10 கிராம். ஆண்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள அறிவுரை. அதாவது ஒரே ஒரு பெரிய போத்தலோடு என் அளவு தாண்டிவிடுகிறது. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 10 கிராம்தான் எரிக்கும். நீங்கள் குளித்தாலும், வாந்தி எடுத்தாலும், கோப்பி குடித்தாலும் அதன் வேகம் கூடாது. நள்ளிரவுக்கு மேல் எழுந்தவன் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தால் ரத்தத்தில் இன்னும் மது இருக்கலாம். நான் ஜூரோங்கில் கிடங்கு மேற்பார்வையாளன். என் கீழே வேலை செய்யும் பையன்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள். திங்கள் காலை அவர்களில் யார் கண்ணாவது சிவந்திருந்தால் இப்போது நான் வண்டிச் சாவியைக் கொடுப்பதில்லை.

ஹார்மோன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிய வியப்பாக இருந்தது.

குடிக்கும்போது ஏன் அடிக்கடி கழிவறைக்கு ஓடுகிறோம்? பீரில் தண்ணீர் நிறைய இருப்பதால் என்று நினைத்திருந்தேன். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் வருகிறது. சிறுநீரகத்திடம் 'தண்ணீரை வெளியே விடாதே, திருப்பி உள்ளே இழு' என்று சொல்வது அதன் வேலை. மது அதன் சுரப்பை அடக்கிவிடுகிறது. அதனால் குடித்த அளவைவிடக் கூடுதலாகவே வெளியே போகிறது. இரவு மூன்று மணிக்கு நாக்கு ஒட்டிக்கொள்வது இதனால்தான். போதை இறங்க இறங்க எதிர்த்திசையில் வண்டி கிளம்புகிறது. இழந்த நீரைப் பிடித்துவைக்க வாசோபிரெசின், ரெனின், ஆல்டோஸ்டிரோன் எல்லாம் ஏறுகின்றன. இவை நீரையும் உப்பையும் பிடித்துவைக்கும், ரத்தக் குழாய்களையும் இறுக்கும். உள்ளேயோ முறுக்கின் உப்பு ஏற்கெனவே காத்திருக்கிறது.

அப்புறம் உடம்பை உஷார்ப்படுத்தும் ஹார்மோன்கள், கார்டிசோல், அட்ரினலின். கார்டிசோல் இயல்பாக நள்ளிரவை ஒட்டித் தாழ்ந்து, விடியலில் உயரும். அதிகமாகக் குடித்த இரவில் அந்த ஒழுங்கு குலைகிறது. மது மூளையை அமுக்கிவைக்கிறது, மூளை அதை எதிர்த்துத் தன்னை முடுக்கிக்கொள்கிறது. மது எரிந்து தீர்ந்ததும் அமுக்கும் கை போய்விடுகிறது, முடுக்கம் மட்டும் மிச்சம். விடியற்காலை மூன்று நான்கு மணிக்குக் காரணமே இல்லாமல் விழிப்பு வந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, என்னவோ தப்பு செய்துவிட்டோம் என்ற பயம் பிடித்துக்கொள்ளுமே, அது இதுதான். பல வருடம் அதை என் மனக்குறை என்று நினைத்தேன். குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்பதும் பாதிதான் சரி. முதல் பாதி கட்டையாகத் தூங்குவோம், இரண்டாம் பாதி உடைந்து போகும். குறட்டை விடுகிறவர்களுக்கு மது தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சை இன்னும் அடைக்கும். அதுவும் பிரஷரை ஏற்றும்.

ஆண்மைக்கான டெஸ்டோஸ்டிரோனும் அதிகமாகக் குடித்தால் இறங்குகிறது. நண்பர்கள் மத்தியில் இதற்கு நேர்மாறான நம்பிக்கைதான் ஓடுகிறது. வருடக்கணக்கில் குடித்தால் விரை சுருங்குவதும், கல்லீரல் கெட்டபின் ஆண்களுக்கு மார்பு வளர்வதும் மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பவை. பெண்களுக்கு மது ஈஸ்ட்ரோஜனை ஏற்றுகிறது, மார்பகப் புற்றுநோய் அபாயம் குறைந்த அளவு குடியிலேயே தொடங்குகிறது. என் மனைவி விருந்துகளில் எடுத்துவந்த ஒரு கிளாஸ் வைனை இதைப் படித்தபிறகு விட்டுவிட்டாள்.

எங்கள் கிடங்கில் ஒரு சீன நண்பர் இருக்கிறார். அரை கிளாஸ் பீரிலேயே முகம் செங்கல் மாதிரி சிவந்துவிடும். வருடக்கணக்கில் கேலி செய்திருக்கிறோம். மது உடைந்து முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், அதை அடுத்த படியில் செரிக்க ஒரு நொதி வேண்டும். கிழக்காசிய மக்களில் மூன்றில் ஒருவருக்கு அந்த நொதி பிறவியிலேயே பலவீனம். அந்தச் சிவப்பு, நச்சு தேங்குவதன் அறிகுறி. அவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் கூடுதல். அலர்ஜி மாத்திரை போட்டுச் சிவப்பை மறைத்துக்கொண்டு குடிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், சிவப்பு மட்டும்தான் மறையும். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

டாக்டர் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். காலையும் மாலையும் ஒரு வாரம். நான் ஒரு கோடு கூடுதலாகப் போட்டேன்: மத்தியானம் இரண்டு மணி. அடுத்த இரண்டு மாதத்தில் நான் குடித்த நாட்கள் மூன்று. அதற்காகவே அளந்து வைத்த ஒரு நாள் இது: இரவு பதினொன்றுக்கு 112/70, நாடி 96. காலை ஏழுக்கு 119/77. மத்தியானம் இரண்டுக்கு 148/94. குடிக்காத வாரத்தில் அதே இரண்டு மணிக்கு 131/83, நாடி 74. இந்த நான்கு வரியைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அளப்பதற்காக யாரும் குடிக்க வேண்டாம். எப்படியும் குடிக்கிறவர்கள், இரவிலும் காலையிலும் அளந்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். அவ்வளவுதான் சொல்கிறேன்.

அளக்கும் முறையும் முக்கியம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் கோப்பியும் சிகரெட்டும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. கைப்பட்டை சிறியதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடும். 180/120 தொட்டு, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் என்று ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும். குடித்ததால்தான் குழறுகிறது என்று யாரும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மச்சான். அவருக்குச் சர்க்கரை, கிளிபிசைட் மாத்திரை போடுகிறவர். 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கடைகளில் இரவு பத்தரைக்கு மேல் மது விற்கக் கூடாது என்று 2015இலிருந்து சட்டம் இருப்பதால், வேலை முடிந்ததும் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் பீர் வாங்க ஓடுவது எங்கள் பழக்கமாகிவிட்டது. அன்றும் வெறும் வயிற்றில்தான் ஆரம்பித்தார். ஒன்பதரைக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது, எரிந்து விழுந்தார். ஓவராகிவிட்டது, படுக்க வையுங்கள் என்று நான்தான் சொன்னேன். தங்கச்சி கேட்கவில்லை, விரலில் குத்திப் பார்த்தாள். 2.9. இங்கே அளக்கும் மில்லிமோல் கணக்கில் நாலுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அவர் விழித்திருந்ததால் சீனித் தண்ணீர் கொடுத்தோம், கால் மணி நேரத்தில் மறுபடி அளந்தோம், அப்புறம் சோறு. நாம் சாப்பிடாதபோது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்து ரத்தத்துக்கு அனுப்பும். மது அந்த வேலையை நிறுத்திவிடும். மாத்திரையோ இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சர்க்கரைக்கு ஊசியோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சோறு இல்லாமல் ஒரு மிடறுகூடக் குடிக்கக் கூடாது.

மறுநாள் கைவைத்தியங்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஹேங்ஓவரை ஆற்றும் மருந்து கிடையாது, நேரம்தான் ஆற்றும். தண்ணீர் தாகத்தைத் தீர்க்கும், தலைவலியை முழுதாகத் தீர்க்காது. ஹண்ட்ரட் பிளஸ் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் அதில் சீனியும் உப்பும் உண்டு. மோரும் அப்படித்தான், உப்பில்லாமல் கலக்குங்கள். பிரஷர் உள்ளவர்கள் தலைவலிக்கு ஐபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது, அவை வயிற்றை அரிப்பதோடு பிரஷரையும் ஏற்றும். பாரசிட்டமாலை நிறையக் குடித்த உடம்பில் அளவு மீறிப் போட்டால் கல்லீரலுக்குக் கேடு. காலையில் ஒரு பீர் போட்டால் சரியாகிவிடும் என்பது கணக்கை இன்னும் சில மணி நேரம் தள்ளிவைப்பது. இரவில் எழும்போது கட்டில் ஓரம் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். அழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரம் அது, கழிவறையில் மயங்கி விழுந்து தலையில் அடிபட்ட உறவினர் எனக்கு இருக்கிறார். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடிக்கும் நாளில் என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடமே வெட்கப்படாமல் கேளுங்கள். நான் கேட்டேன். மாத்திரை வேண்டுமா குடி வேண்டுமா என்றால் மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இன்னொன்று. தினமும் நிறையக் குடிப்பவர்கள், காலையில் ஒரு வாய் போடாவிட்டால் கை நடுங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். அது ஹேங்ஓவர் இல்லை. திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் பிரஷர் எகிறி வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்தலாம். சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் (ஐஎம்எச்) இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நான் முழுதாக நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை, சாப்பாட்டோடு, ஒரு சின்ன டின். நான்கு மாதத்தில் என் மாலை அளவு 126/80க்கு வந்தது, மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தையின் மெஷின் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. மச்சான் எடுத்துப் போய்விட்டார். அத்தைக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணி ஆனால் என் போனுக்கு ஒரு படம் வரும். வார்த்தை எதுவும் இருக்காது, மெஷினில் தெரியும் எண்கள் மட்டும். போன திங்கள் வந்தது 128/82.